அமியோடரோனையும் அதன் மெட்டபொலைட்டையும் பிளாஸ்மாவில் அளப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் வட்டாரங்களில் எம்.ஃபார்ம் ஆய்வுக்கோ மருத்துவமனை ஆய்வகத்துக்கோ இந்த அளவீட்டை முதன்முறையாக அமைக்கப் போகிறவர்களுக்காக இது எழுதப்பட்டது. உங்களிடம் புற ஊதா டிடெக்டர் வைத்த சாதாரண எச்.பி.எல்.சி. (உயர்திறன் திரவ வண்ணப்பிரிகை) கருவி ஒன்று இருந்தால் போதும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டியதில்லை. இந்த மருந்து ரத்தத்தில் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்தான் இருக்கிறது, 242 நானோமீட்டரில் ஒளியை நன்றாக உறிஞ்சவும் செய்கிறது.

அளக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பியவர்களுக்குத் தரப்படும் அமியோடரோன். மற்றொன்று, கல்லீரலில் சைட்டோகுரோம் 3ஏ4, 2சி8 என்சைம்கள் அதிலிருந்து ஓர் எத்தில் தொகுதியைக் கழற்றுவதால் உண்டாகும் மெட்டபொலைட் (உடலில் மருந்து உருமாறி உண்டாகும் பொருள்), டெஸ்எத்தில் அமியோடரோன். பின்னதை இனி டி.இ.ஏ. என்றே எழுதுகிறோம். டி.இ.ஏ.வுக்கும் மருந்தின் வீரியம் உண்டு. நீண்ட நாள் மாத்திரை சாப்பிடுபவரிடம் அதன் அளவு தாய் மருந்தை நெருங்கிவிடும். ஒன்றை மட்டும் அளந்து தந்தால் மருத்துவர் கையில் கிடைப்பது பாதிப் படம்தான்.

இந்த வேலையில் மாதங்களை விழுங்குவது கருவி அல்ல. மெட்டபொலைட் ஸ்டாண்டர்டும் (ஒப்பிட்டு அளக்க வேண்டிய தூய பொருள்) நெறிமுறைக் குழு அனுமதியும்தான். அதனால் கருவியைத் தொடுவதற்கு முன்பே முதல் இரண்டு படிகளையும் ஒரே வாரத்தில் தொடங்கிவிடுங்கள்.

1. முதல் ஆர்டர் மெட்டபொலைட்டுக்கு

அமியோடரோன் ஹைட்ரோகுளோரைடு எளிதாகக் கிடைக்கும் பொருள். இந்தியன் ஃபார்மகோபியா கமிஷனின் பட்டியலில் பாருங்கள். இல்லாவிட்டால் நம்பகமான விற்பனையாளரிடம் வாங்குங்கள். டி.இ.ஏ.தான் சிக்கல். வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும், விலையும் பட்ஜெட்டை உலுக்கும்.

புதிதாக வருபவர்களுக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. ஐரோப்பிய மருந்துத் தரநூலில் அமியோடரோனின் ‘இம்ப்யூரிட்டி பி’ என்று குறிக்கப்பட்டிருப்பது இதே டி.இ.ஏ.தான். மெட்டபொலைட் என்று கேட்டால் கையை விரிக்கும் நிறுவனங்கள், இம்ப்யூரிட்டி பி என்று கேட்டால் எடுத்துத் தரும். மருந்து இம்ப்யூரிட்டிகளைத் தயாரித்து விற்கும் நிறுவனங்கள் ஹைதராபாத் பக்கம் நிறைய உள்ளன. 10 மில்லிகிராம் வாங்கினால் ஒரு முழு வாலிடேஷனுக்கும் (முறை நம்பகமானது என்று காட்டும் சோதனைகள்) சில நூறு மாதிரிகளுக்கும் தாராளமாகப் போதும்.

விலைப்புள்ளி கேட்கும்போதே ஐந்து விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: தூய்மை சதவீதமும் அது அளக்கப்பட்ட முறையும், ஈரப்பத அளவு, பொருள் தனி பேஸா ஹைட்ரோகுளோரைடு உப்பா, காலாவதி அல்லது மறுசோதனைத் தேதி, மாஸ் மற்றும் என்.எம்.ஆர். வரைபடங்கள். உப்பா பேஸா என்பது சான்றிதழில் தெளிவாக இல்லாவிட்டால் பொருளை ஏற்காதீர்கள். ஏன் என்பது மூன்றாம் படியில் தெரியும்.

2. நெறிமுறைக் குழுவும் மற்ற காகிதங்களும்

நோயாளியிடமிருந்து ஆய்வுக்காகத் தனியாக 3 மி.லி. ரத்தம் எடுத்தாலும் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும். வழக்கமான பரிசோதனையில் மிஞ்சிய ரத்தத்தைப் பயன்படுத்துவதானாலும் குழுவிடம் போகத்தான் வேண்டும். அது துரிதப் பரிசீலனைக்குத் தகுதி பெறக்கூடும் என்பது மட்டுமே வித்தியாசம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட நெறிமுறை வழிகாட்டிதான் அடிப்படை. குழு, சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் இந்தப் பதிவைக் கேட்கின்றன.

கல்லூரி ஓர் ஊரிலும் நோயாளிகள் இன்னோர் ஊர் மருத்துவமனையிலும் இருப்பது டெல்டாவில் சாதாரணம். அப்படியானால் கல்லூரிக் குழுவின் ஒப்புதல் மட்டும் போதாது. ரத்தம் எடுக்கும் மருத்துவமனையின் டீன் அல்லது கண்காணிப்பாளரின் அனுமதிக் கடிதமும், அங்கே தனிக்குழு இருந்தால் அதன் ஒப்புதலும் வேண்டும். இதை விட்டுவிட்டு விண்ணப்பம் போட்டால், அடுத்த கூட்டத்துக்கு வரச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அடுத்த கூட்டம் எப்போது என்பதைக் குழுவின் செயலரிடம் கேட்டு, அதற்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னதாகக் கோப்பைக் கொடுங்கள்.

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், அதுவும் வாசிக்கக் கேட்டால் புரியும் தமிழில். எத்தனை மில்லிலிட்டர் எடுப்பீர்கள், எத்தனை முறை, மிச்ச ரத்தத்தை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், முடிவை மருத்துவரிடம் சொல்வீர்களா மாட்டீர்களா என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்விதான் பலரும் மறப்பது; குழு முதலில் கேட்பதும் அதுதான்.

இன்னொரு காகிதம் ரத்த வங்கிக்கு. கேலிபரேஷனுக்கு (தெரிந்த செறிவுகளை வைத்து அளவுகோல் அமைப்பது) மருந்து கலக்காத வெற்றுப் பிளாஸ்மா வேண்டும். காலாவதியான உறை பிளாஸ்மாவைக் கேட்டு மருத்துவ அலுவலருக்குக் கடிதம் கொடுக்கலாம். ஏற்கெனவே தொற்றுப் பரிசோதனை செய்யப்பட்டது என்பது அதன் வசதி. ஆனால் அதில் சிட்ரேட் கரைசல் கலந்திருக்கும், நோயாளி மாதிரியிலோ ஈ.டி.டி.ஏ. இருக்கும். இரண்டிலும் ஒரே முடிவு வருகிறதா என்று வாலிடேஷனில் காட்டியாக வேண்டும். அதைவிட எளிது, தன்னார்வலர்களிடம் ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்துக்கொள்வது. அதையும் நெறிமுறை விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

3. உப்புக் கணக்கு

மருத்துவ உலகில் சொல்லப்படும் அளவுகள் தனி அமியோடரோனுக்கானவை. நீங்கள் தராசில் நிறுப்பது ஹைட்ரோகுளோரைடு. தனி மருந்தின் மூலக்கூறு எடை 645.3, உப்பினுடையது 681.8. எனவே 0.9465-ஆல் பெருக்க வேண்டும். மறந்தால் ஸ்டாண்டர்டின் செறிவைச் சுமார் 5.6 சதவீதம் கூட்டி எழுதிவிடுவீர்கள், எல்லா நோயாளி முடிவும் அதே அளவு கூடுதலாக வரும். இந்தப் பிழை எந்தத் தரக்கட்டுப்பாட்டிலும் மாட்டாது, ஏனென்றால் தரக்கட்டுப்பாட்டு (கியூ.சி.) மாதிரியையும் அதே தவறான கணக்கில்தான் தயாரித்திருப்பீர்கள்.

ஓர் உதாரணம். 10.6 மி.கி. நிறுத்தீர்கள், சான்றிதழில் உள்ளபடியே தூய்மை 99.2 சதவீதம். 10.6 × 0.992 × 0.9465 = 9.95 மி.கி. இதை 10 மி.லி. மெத்தனாலில் கரைத்தால் செறிவு மி.லி.க்கு 0.995 மி.கி. குப்பியில் 1 என்று எழுதாமல் 0.995 என்றே எழுதுங்கள். டி.இ.ஏ.வின் மூலக்கூறு எடை 617.3, உப்பாக வந்தால் 653.7. சான்றிதழில் தூய்மை உலர் அடிப்படையில் தரப்பட்டிருந்தால் ஈரப்பதத்தைத் தனியாகக் கழிக்க வேண்டும். ‘உள்ளபடியே’ என்று இருந்தால் மறுபடி கழிக்கக் கூடாது.

ஸ்டாக் கரைசலையும் (அடர்ந்த மூலக் கரைசல்) அதிலிருந்து நீர்க்கச் செய்யும் வேலைக் கரைசல்களையும் மெத்தனாலிலேயே தயாரியுங்கள். தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்தால் இந்தக் கொழுப்பு விரும்பி மூலக்கூறு குப்பியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குறைந்த செறிவுப் புள்ளிகள் காரணமில்லாமல் கீழே இறங்குவது பெரும்பாலும் இதனால்தான். மூலக்கூறில் இரண்டு அயோடின் அணுக்கள் இருக்கின்றன, வெளிச்சம் பட்டால் அவை கழன்றுகொள்ளும். பழுப்புக் குப்பி, அலுமினியத் தாள் சுற்று, மைனஸ் 20 டிகிரி ஃபிரீசர் என மூன்றும் வேண்டும். ஜன்னலோர மேசையில் வெயில் படும்படி கேலிபரேட்டர்களை (கேலிபரேஷனுக்கான தெரிந்த செறிவு மாதிரிகள்) அடுக்கி வைக்காதீர்கள்.

4. ரத்தம் எடுக்கும் இடத்தில்

ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ. குழாய். ஜெல் உள்ள மஞ்சள் மூடிக் குழாய் வேண்டாம். கொழுப்பில் கரையும் மருந்துகளை ஜெல் இழுத்துக்கொள்ளக்கூடும். வார்டில் கைக்கு எது அகப்படுகிறதோ அதில் எடுத்துவிடுவார்கள் என்பதால், குழாய்களை நீங்களே பெயரொட்டியோடு கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது.

நேரம்: அடுத்த மாத்திரை போடுவதற்குச் சற்று முன்பு. காலையில் மாத்திரை போடுபவரிடம், ‘டெஸ்ட் முடிந்த பிறகுதான் மாத்திரை’ என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் காபியோடு சேர்த்துப் போட்டுவிட்டுத்தான் புறநோயாளிப் பிரிவுக்கு வருவார். மாத்திரை போட்ட 3 முதல் 7 மணி நேரத்தில் அளவு உச்சிக்குப் போகும். அப்போது எடுத்த ரத்தத்தை மற்ற மாதிரிகளோடு ஒப்பிட முடியாது. டிரிப்பில் மருந்து ஏறும் கையிலிருந்து ஒருபோதும் எடுக்கக் கூடாது.

கோரிக்கைப் படிவத்தில் இருக்க வேண்டியவை: ஒரு நாளைய அளவு, மாத்திரை தொடங்கிய தேதி, கடைசி மாத்திரை போட்ட நேரம், ரத்தம் எடுத்த நேரம், உடன் சாப்பிடும் எல்லா மருந்துகளும். தொடங்கிய தேதி இல்லாத படிவத்தை வாங்காதீர்கள். இந்த மருந்தின் அரை ஆயுள் சராசரியாக 58 நாள். ஆளுக்கு ஆள் 15 முதல் 142 நாள் வரை மாறும். இரண்டாம் வாரத்தில் வரும் லிட்டருக்கு 0.8 மி.கி.யும் ஏழாம் மாதத்தில் வரும் அதே 0.8-உம் ஒரே பொருளைத் தருவதில்லை.

5. பிரித்தெடுப்பதும் கொண்டுவருவதும்

ரத்தம் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்துவிடுங்கள். 1500 ஜி விசையில் 10 நிமிடம். ஆர்.பி.எம். மட்டும் காட்டும் சென்ட்ரிஃப்யூஜ் என்றால் சுழலும் ஆரத்தை அளந்துகொள்ளுங்கள், 15 செ.மீ. ஆரத்துக்கு ஏறக்குறைய 3000 ஆர்.பி.எம். வரும். ‘3000-இல் சுற்றினேன்’ என்று மட்டும் ஆய்வேட்டில் எழுதினால் அதை வைத்து இன்னொருவர் எதுவும் செய்ய முடியாது.

நாகப்பட்டினத்திலோ மயிலாடுதுறையிலோ எடுத்த ரத்தத்தை முழு ரத்தமாகவே பஸ்ஸில் தஞ்சாவூருக்கு அனுப்புவது மோசமான யோசனை. மே மாத வெயிலில் பெட்டிக்குள் குலுங்கிக்கொண்டு வரும், இல்லாவிட்டால் ஐஸ் கட்டியில் நேராகப் பட்டு சிவப்பணு உடைந்து பிளாஸ்மா சிவந்துபோகும். அங்கேயே பிரித்து, இரண்டு பாலிப்ரொப்பிலீன் குழாய்களில் குறைந்தது 0.5 மி.லி. வீதம் ஊற்றி, உறைய வைத்து, ஒன்றை அனுப்புங்கள். மற்றொன்று அங்கேயே ஃபிரீசரில் இருக்கட்டும். அனுப்பும் பெட்டி மூன்று அடுக்காக இருக்க வேண்டும்: கசியாத குழாய், அதைச் சுற்றி உறிஞ்சும் பஞ்சோடு கசியாத இரண்டாவது டப்பா, வெளியே கெட்டியான பெட்டி. பெட்டி மீது யு.என்.3373 என்ற, உள்ளே நோயாளி மாதிரி இருப்பதைக் காட்டும் சர்வதேசக் குறியீடு ஒட்டியிருக்க வேண்டும். பொங்கல், தீபாவளிக்கு முந்தைய இரண்டு நாள்களில் எதையும் அனுப்ப வேண்டாம்.

6. காலமும் (column) மொபைல் ஃபேஸும்

காலம் என்பது பொருள்களைப் பிரிக்கும் நிரப்புக் குழாய். சி18 காலம், 150 × 4.6 மி.மீ., 5 மைக்ரான். அதற்கு முன்னால் பொருத்தும் சிறு பாதுகாப்புக் காலம் (கார்டு காலம்) கட்டாயம். பிளாஸ்மா வேலைக்கு அது இல்லாமல் இறங்கினால் முதன்மைக் காலத்தின் ஆயுள் பாதியாகிவிடும்.

மொபைல் ஃபேஸுக்கு (காலத்தின் வழியே ஓடும் கரைப்பான் கலவை) ஐரோப்பியத் தரநூல் முறையிலிருந்தே தொடங்கலாம்: 800 மி.லி. தண்ணீரில் 3 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலம், நீர்த்த அமோனியாவால் பி.எச். 4.9-க்குக் கொண்டுவந்து 1 லிட்டராக்கிய பஃபர் (பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசல்). அந்த முறையில் பஃபர் 30, மெத்தனால் 30, அசிட்டோநைட்ரைல் 40. அது மருந்துப் பொருளின் தூய்மையைப் பார்ப்பதற்கானது. அமியோடரோன் வெளிவர 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். நமக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். பஃபர் 20, மெத்தனால் 30, அசிட்டோநைட்ரைல் 50 என்று வைத்துத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 1 மி.லி., காலத்தின் வெப்பம் 35 டிகிரி, அலைநீளம் 242 நானோமீட்டர். டி.இ.ஏ. முதலில் வரும், அமியோடரோன் பின்னால். டி.இ.ஏ. பிளாஸ்மாவின் ஆரம்பக் குவியலில் போய் ஒட்டினால் பஃபரை 3 அல்லது 5 பங்கு கூட்டுங்கள். இரண்டு பீக்கும் (ஒவ்வொரு பொருளுக்கும் வரைபடத்தில் எழும் முகடு) நல்ல இடைவெளியில் 12 நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

பி.எச்.சை எப்போதும் கரிமக் கரைப்பான் கலப்பதற்கு முன்பே பாருங்கள். அசிட்டேட்டுக்குப் பதில் பொட்டாசியம் பாஸ்பேட் வைத்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்பதுண்டு. 80 சதவீதம் கரிமக் கரைப்பானில் பாஸ்பேட் உப்பு வெளியே படியும், பம்ப் சீலை அரிக்கும், குழாயை அடைக்கும். வேண்டாம். பீக்கின் பின்பக்கம் வால்போல் நீண்டால் மொபைல் ஃபேஸில் 0.1 சதவீதம் டிரைஎத்தில்அமீன் சேர்த்து பி.எச்.சை மறுபடி சரிசெய்யுங்கள். அமீன் மருந்துகள் சிலிக்காவோடு ஒட்டிக்கொள்வதுதான் வாலுக்குக் காரணம்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. கடலோரத்து போர்வெல் தண்ணீரை வீட்டு ஆர்.ஓ. கருவியில் வடித்து எச்.பி.எல்.சி.க்கு ஊற்றும் ஆய்வகங்கள் இருக்கின்றன. 242 நானோமீட்டரில் அடிக்கோடு அலைவதும் பெயர் தெரியாத பீக்குகள் முளைப்பதும் அதன் பலன். எச்.பி.எல்.சி. தரத் தண்ணீரைப் பாட்டிலாக வாங்குங்கள். ஒரு ரன்னின் (ஒரே தொடராக ஓட்டும் மாதிரி வரிசை) மொபைல் ஃபேஸுக்கு 150 மி.லி. கூட ஆகாது.

7. இன்டர்னல் ஸ்டாண்டர்ட்

எல்லா மாதிரியிலும் ஒரே அளவில் சேர்த்து, தயாரிப்பில் நேரும் இழப்பைச் சரிசெய்ய உதவும் பொருள் இது. டமாக்சிஃபென் சிட்ரேட் ஏற்றது. அதுவும் கொழுப்பு விரும்பும் அமீன், இதே அலைநீளத்தில் உறிஞ்சுகிறது, எளிதில் கிடைக்கிறது. அசிட்டோநைட்ரைலில் மி.லி.க்கு 1 மைக்ரோகிராம் இருக்கும்படி தயாரித்தால் புரதத்தைப் படியவைக்கும் கரைப்பானாகவும் அதுவே ஆகிவிடும். உங்கள் காலத்தில் அது மற்ற இரண்டு பீக்குகளோடு ஒட்டாமல் எங்கே வருகிறது என்பதை முதலில் தனியாகச் செலுத்திப் பாருங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் சாப்பிடும் நோயாளி என்றால் இந்த முறை அவருக்குப் பொருந்தாது. கோரிக்கைப் படிவத்தில் எல்லா மருந்துகளையும் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

8. மாதிரி தயாரிப்பு

கேலிபரேட்டர்கள் லிட்டருக்கு 0.1, 0.25, 0.5, 1, 2, 4, 5 மி.கி. வேலைக் கரைசல்கள் இதைப்போல் 20 மடங்கு, அதாவது மி.லி.க்கு 2 முதல் 100 மைக்ரோகிராம் வரை, இரண்டு பொருளும் சேர்ந்தே. 190 மைக்ரோலிட்டர் வெற்றுப் பிளாஸ்மாவில் 10 மைக்ரோலிட்டர் வேலைக் கரைசல். மெத்தனால் 5 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பதால் புரதம் அப்போதே திரியாது. கியூ.சி.க்கு 0.1, 0.3, 2, 4. கியூ.சி.யை வேறு எடையில் நிறுத்த தனி ஸ்டாக்கிலிருந்து தயாரியுங்கள். ஒரே ஸ்டாக் என்றால் பிழையும் ஒன்றாகவே இருக்கும்.

செய்முறை இவ்வளவுதான்:

அ. 200 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவை 1.5 அல்லது 2 மி.லி. குழாயில் எடுங்கள். உறைந்தது என்றால் முழுதும் உருகியபின் நன்றாகக் கலக்கிவிட்டு எடுக்க வேண்டும்.

ஆ. டமாக்சிஃபென் கலந்த அசிட்டோநைட்ரைல் 600 மைக்ரோலிட்டர். வோர்டெக்ஸ் சுழன்றுகொண்டிருக்கும்போதே ஊற்றுங்கள்.

இ. ஒரு நிமிடம் வோர்டெக்ஸ், பத்து நிமிடம் அப்படியே விடுங்கள், பிறகு 10,000 ஜி-யில் 10 நிமிடம்.

ஈ. மேல்தெளிவை 400 மைக்ரோலிட்டர் மட்டும் கண்ணாடிக் குப்பிக்கு மாற்றி 50 மைக்ரோலிட்டர் செலுத்துங்கள்.

‘ஆ’வில் அவசரம் கூடாது. அமியோடரோன் 96 சதவீதம் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. குழாயை மேசையில் வைத்துவிட்டு அசிட்டோநைட்ரைலை மேலே ஊற்றினால் தயிர்க்கட்டி போல ஒரே உருண்டையாகத் திரிந்து மருந்தை உள்ளே பூட்டிக்கொள்ளும். ஒரே மாதிரியின் இரண்டு தயாரிப்புகள் ஒன்றுக்கொன்று 20 சதவீதம் வேறுபட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ‘ஈ’யில் அடியைத் தொடாமல் எடுங்கள். நைலான் சிரிஞ்ச் ஃபில்டரில் வடிகட்ட வேண்டாம், மருந்து அதில் ஒட்டக்கூடும். தெளிவு கலங்கலாக இருந்தால் மறுபடி சுழற்றினால் போதும்.

மேல்தெளிவில் ஏறக்குறைய 75 சதவீதம் அசிட்டோநைட்ரைல் இருக்கிறது. மொபைல் ஃபேஸும் கிட்டத்தட்ட அதே வலுவில் இருப்பதால்தான் 50 மைக்ரோலிட்டர் செலுத்தியும் பீக் சிதறுவதில்லை. பஃபரை 40-க்கு மேல் ஏற்றிவிட்டீர்கள் என்றால் இந்த வசதி போய்விடும்.

9. ரன் வரிசையும் மின்சாரமும்

வெற்றுப் பிளாஸ்மா, இன்டர்னல் ஸ்டாண்டர்ட் மட்டும் கலந்த வெற்று, கேலிபரேட்டர்கள் கீழிருந்து மேலாக, மறுபடி ஒரு வெற்று, கியூ.சி., நோயாளி மாதிரிகள், இடையிலும் கடைசியிலும் கியூ.சி. அந்த நடு வெற்றை விட்டுவிடாதீர்கள். இந்த மருந்து இன்ஜெக்டர் ஊசியில் ஒட்டும். 5 மி.கி. கேலிபரேட்டருக்குப் பிறகு வரும் வெற்றில் தெரியும் பீக் 0.1 மி.கி. பீக்கில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது உச்ச அளவில் 0.4 சதவீதம். தாண்டினால் ஊசி கழுவும் கரைசலை 0.1 சதவீதம் ஃபார்மிக் அமிலம் கலந்த மெத்தனாலுக்கு மாற்றுங்கள்.

60 ஊசி (கருவியில் 60 முறை செலுத்துவது), ஒவ்வொன்றும் 12 நிமிடம் என்றால் 12 மணி நேரம். யு.பி.எஸ். பம்பையும் டிடெக்டரையும் மட்டுமல்லாமல் கணினியையும் காலத்தைச் சூடாக வைக்கும் ஓவனையும் சேர்த்துத் தாங்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளை செய்தித்தாளில் பார்த்துவிட்டு ரன்னைத் திட்டமிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை இருக்கும் வாரத்தில் வாலிடேஷன் ரன் போடவே வேண்டாம். ஃபிரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டா என்பதையும் அதற்குள் பார்த்துவிடுங்கள்.

முடிந்ததும் பஃபர் இல்லாத 50-க்கு 50 மெத்தனால்-தண்ணீரில் 20 நிமிடம், பிறகு 95 சதவீதம் அசிட்டோநைட்ரைலில் 30 நிமிடம். பிளாஸ்மாவின் கொழுப்பு காலத்தில் தங்கினால் அடுத்த நாள் நடு ரன்னில் அகலமான மேடாக எழும்பி வரும்.

10. வாலிடேஷனில் எதைக் காட்ட வேண்டும்

மருந்து ஒழுங்குமுறைகளை ஒத்திசைக்கும் சர்வதேச அமைப்பான ஐ.சி.எச்.சின் எம்10 வழிகாட்டி 2022-இல் இறுதியானது, அதையே பின்பற்றுங்கள். பழைய ஆய்வேடுகளில் உள்ள ‘மூன்று கியூ.சி., மூன்று முறை’ என்பதை நகலெடுக்காதீர்கள். நான்கு நிலை கியூ.சி., ஒவ்வொன்றும் ஒரு ரன்னில் ஐந்து தயாரிப்பு, குறைந்தது மூன்று ரன், குறைந்தது இரண்டு வெவ்வேறு நாள். துல்லியமும் ஒருமைப்பாடும் 15 சதவீதத்துக்குள், மிகக் குறைந்த அளவில் மட்டும் 20. தேர்திறனுக்கு (வேறு பொருள் எதுவும் குறுக்கிடவில்லை என்று காட்ட) ஆறு வெவ்வேறு ஆள்களின் பிளாஸ்மா. ஆறு பேரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்துவிட்டு ஆறு என்று சொல்ல முடியாது. கொழுப்பு மிகுந்த பிளாஸ்மா ஒன்றும் சிவந்த பிளாஸ்மா ஒன்றும் தனியாகச் சோதியுங்கள்; இதய நோயாளிகளிடம் கொழுப்புப் பிளாஸ்மா அபூர்வமில்லை.

இதய நோயாளிகள் வழக்கமாகச் சாப்பிடும் வார்ஃபரின், டிகாக்சின், மெட்டோப்ரொலால், அடார்வாஸ்டாடின், ஃபுரோசமைடு, குளோபிடோக்ரெல் போன்றவற்றைத் தனித்தனியாகச் செலுத்தி, எதுவும் நமது மூன்று பீக்குகள் மேல் விழவில்லை என்று காட்டுங்கள். தேர்வாளர் நிச்சயம் கேட்பார்.

நிலைப்புத்தன்மைக்கு: மேசை மேல் 6 மணி நேரம், ஆட்டோசாம்ப்ளரில் 24 மணி நேரம், மூன்று முறை உறையவைத்து உருக்குவது, ஃபிரீசரில் நீண்ட காலம். மேசைச் சோதனையை ஏ.சி. அறையில் மட்டும் செய்யாதீர்கள். மாதிரி உண்மையில் கிடக்கப்போகும் இடம் கோடைகால வார்டு என்றால், அந்த வெப்பத்திலும் செய்து பாருங்கள்.

11. செலவை எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது

விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் ரூபாயில் சொல்லாமல் அளவில் சொல்கிறோம். மூன்று விலைப்புள்ளி வாங்கிப் பெருக்கிக்கொள்ளுங்கள். 60 ஊசி கொண்ட ஒரு ரன்னுக்கு 720 மி.லி. மொபைல் ஃபேஸ்: அசிட்டோநைட்ரைல் 360, மெத்தனால் 216, பஃபர் 144. மாதிரி தயாரிப்புக்கு இன்னும் 36 மி.லி. அசிட்டோநைட்ரைல். காலத்தைச் சமன்செய்வது, கழுவுவது எல்லாம் சேர்த்தால் ஒரு ரன்னுக்கு அரை லிட்டருக்கு மேல் அசிட்டோநைட்ரைல் என்று வையுங்கள். முறையைச் செப்பனிடவும் வாலிடேஷனுக்குமாக எட்டு, பத்து ரன் ஓடும். 2.5 லிட்டர் பாட்டில் இரண்டு போதாது, மூன்று வாங்குங்கள்.

பட்டியலில் முதல் செலவு டி.இ.ஏ., அடுத்தது காலம், மூன்றாவது கரைப்பான்கள். ஆய்வகத்தில் கிடக்கும் பழைய காலத்தை முறை செப்பனிட மட்டும் பயன்படுத்தி, வாலிடேஷனுக்குப் புதியதைத் திறக்கலாம். குறைந்த தரக் கரைப்பான் வாங்கி மிச்சம் பிடிக்கப் பார்த்தால், 0.1 மி.கி. பீக் இரைச்சலுக்குள் புதைந்துவிடும்.

டி.இ.ஏ. கையில் வந்து, நெறிமுறை ஒப்புதலும் கிடைத்துவிட்ட பிறகு: முறை செப்பனிட இரண்டு வாரம், வாலிடேஷனுக்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். நீண்டகால நிலைப்புச் சோதனையின் கால அளவு, உங்கள் கடைசி நோயாளி மாதிரி ஃபிரீசரில் இருந்த காலத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. ஆய்வேடு சமர்ப்பிக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் அந்தச் சோதனையை எப்போது தொடங்க வேண்டும் என்று தெரியும். வாலிடேஷனின் முதல் நாளே அந்தக் குழாய்களை ஃபிரீசரில் போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

12. முடிவை எழுதித் தரும்போது

அமியோடரோன், டி.இ.ஏ. இரண்டையும் தனித்தனியாக லிட்டருக்கு மில்லிகிராமில் எழுதுங்கள். கூட்டுத்தொகையை மட்டும் தராதீர்கள். மைக்ரோமோலில் கேட்டால் அமியோடரோனை 1.55-ஆலும் டி.இ.ஏ.வை 1.62-ஆலும் பெருக்குங்கள். அமியோடரோனுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 0.5 முதல் 2 மி.கி. வரை என்ற வரம்பு பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது; சில ஆய்வகங்கள் 1 முதல் 2.5 என்று வைக்கின்றன. நீங்கள் எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று அறிக்கையிலேயே அச்சிடுங்கள். தைராய்டு, நுரையீரல் பாதிப்பு வருமா என்பதற்கு இந்த எண் பதில் சொல்லாது. அதற்கான சோதனைகள் வேறு.

அனுப்புமுன் டி.இ.ஏ.வுக்கும் அமியோடரோனுக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். பல மாதமாகச் சாப்பிடுபவரிடம் அது 1-ஐ ஒட்டியோ சற்றுக் கீழேயோ இருக்கும். தொடங்கிச் சில நாளே ஆனவரிடம் டி.இ.ஏ. மிகக் குறைவாகவே தெரியும். ‘ஆறு மாதமாக’ என்று படிவம் சொல்லி டி.இ.ஏ. பீக்கே இல்லை என்றால், குழாய் மாறியதா, தேதி தவறா, மாத்திரையை இப்போதுதான் மறுபடி தொடங்கினாரா என்று விசாரித்த பிறகே அனுப்புங்கள். மாத்திரையை நிறுத்தினால் பிளாஸ்மா அளவு 2.5 முதல் 10 நாளுக்குள் பாதியாகும், அதன்பின் வாரக்கணக்கில் மெதுவாக இறங்கும். ஆகவே ஒரு நாள் மறந்தவரின் முடிவு வெறுமையாக வராது. இரண்டு பீக்கும் இல்லாத மாதிரி வந்தால் மறு குழாயை எடுத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கேலிபரேஷனின் உச்சமான 5-ஐத் தாண்டினால் கோட்டை நீட்டிக் கணக்கிடாமல், வெற்றுப் பிளாஸ்மாவால் நீர்க்கச் செய்து மறுபடி தயாரியுங்கள்.

13. கழிவு

ஊசிகள் வெள்ளைப் பெட்டிக்கு, பிளாஸ்டிக் குழாய்கள் சிவப்புப் பைக்கு, கண்ணாடிக் குப்பிகள் நீலப் பெட்டிக்கு. எச்.பி.எல்.சி.யிலிருந்து வெளிவரும் அசிட்டோநைட்ரைல் கலவையைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்; இந்த ஊர்களில் பல ஆய்வகங்களின் சாக்கடை போய்ச் சேருமிடம் பாசன வாய்க்கால். மூடியுள்ள கேனில் சேர்த்து, தேதியும் உள்ளடக்கமும் எழுதி, அங்கீகாரம் பெற்ற கழிவு நிறுவனத்திடம் கொடுத்து ரசீதை ஆய்வுக் கோப்பில் வையுங்கள்.